நான் எழும்பி நின்ற கோல்

தோர்ண்டன் ஹீத்,
லண்டன்.
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் யோகராஜா அவர்கட்கு,

அந்தோனியாரின் தயவில் இங்கு நானும் உங்கள் தங்கை அஞ்சலீனாவும் மகள் பெனிற்றாவும் சுகம். பேசாலையில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மருதமடு மாதாவை மன்றாடுகிறோம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? புது வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டியாயிற்றா? மேலே சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக எழுதியது. அஞ்சலீனா சுகம், பெனிற்றா சுகம், நான் சுகமில்லை. பிரஷர் ஏறியிருக்கிறது, சோறு இறங்குவதில்லை, ரெலிபோன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, அடிக்காவிட்டால் அதைவிட அதிகமாகப் படபடக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் உதைபந்தாட்டம். கோபிக்காமல் வாசியுங்கள், இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் நான் மெதுவாகப் பேசினாலும் அஞ்சலீனாவுக்குக் கேட்கும், உரத்துப் பேசினால் மட்டும் கேட்காது. சரி, குரல் செய்தி அனுப்பலாம் என்றால், போன மாதம் என் வயிற்றுக் கோளாறு பற்றி உங்களுக்கென்று ரகசியமாகப் பேசி அனுப்பியது குடும்பக் குழுவுக்குப் போய், கனடாவிலிருந்து கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே எங்கள் தெருவிலிருக்கும் அருமைநாயகி அக்கா இன்று பின்னேரம் ஊருக்குப் பிளேன் ஏறுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் வழியில் பிரித்து வாசிக்காமலிருக்க உறையை நன்றாக ஒட்டுவேன்.

விஷயம் பெனிற்றாவின் கலியாணம். முன்பு பேசிய சம்பந்தம் குழம்பிய பிறகு பிள்ளை மருந்துக்கடை வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து குசினியில் நின்றால் எதையாவது பாடிக்கொண்டு நிற்கிற பிள்ளை. அந்தப் பாட்டு அப்படியே நின்றுபோயிற்று. பிறகு டூட்டிங் கோவில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கும் மிதுலனைக் கண்டாள். ஒருநாள் நான் ரீவி பார்த்துக்கொண்டிருக்கும்போது குசினியிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. அஞ்சலீனா கரண்டியும் கையுமாக வந்து என்னைப் பார்த்தாள், நான் ரீவிச் சத்தத்தைக் குறைத்தேன். எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை மச்சான். அந்தப் பாட்டை என் கையாலேயே நிறுத்திவிட்டேனோ என்பதுதான் என் பயம்.

மிதுலனின் தகப்பன் வேறு யாருமில்லை, உங்களோடு பேசாலைக் கோவில் அணியில் பந்தடித்த மேர்வின்தான். இத்தாலியில் நெடுங்காலம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போட் எடுத்து, மகனின் படிப்புக்காக ஹவுன்ஸ்லோவுக்கு வந்து தரை ஓடு பதிக்கும் தொழில் செய்கிறார். மனைவி றூபினிக்கு பிளேன் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. மேர்வின் அதிகம் பேசமாட்டார். றூபினி பேசவே மாட்டார். மேர்வின் ஒரு வார்த்தை ஓம் என்றால் பங்குச் சுவாமியிடம் போய் நாள் எடுப்பது ஒன்றுதான் மிச்சம் என்ற நிலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவர்கள் வீட்டு வரவேற்பறையில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், ஒரு பச்சைக் கழுத்துத் துண்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான் அதை யாரோ ஒரு புனிதருடையது என்று நினைத்து, உள்ளே போகும்போதே தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். றூபினி அதைக் கண்டு தலையாட்டினார். சாப்பாட்டு மேசையில் மேர்வின், "அண்ணை, நீங்கள் புட்போல் பாக்கிறனீங்களோ?" என்று கேட்டார். உங்களுக்குத் தெரியும், நான் கவுன்சிலில் கார் நிறுத்துமிடப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். உதைபந்தாட்டம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மட்ச் நாளில் கார்கள் பிழையான இடத்தில் நிற்கும் என்பது மட்டுமே. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் உங்கள் தங்கை என் காலை மிதித்தாள். வாயில் வந்தது வேறு. "பாக்கிறதோ? அது எனக்கு உயிரெல்லோ!" என்றுவிட்டேன். "எந்தக் கிளப், அண்ணை?" என்றார். நான் சுவரிலிருந்த துண்டைக் கைகாட்டி, "வேறை எது? உங்கடை கிளப்தான்" என்றேன். றூபினி அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார், என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் போட்டார். மேர்வின் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப வாங்கோ. இந்த முறை கடைசி ஹோம் மட்சுக்கு நாங்கள் போறம். நீங்களும் வாறியள்" என்றார். அது அழைப்பா, சோதனையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பெனிற்றா, "அப்பா, யூ லைக் புட்போல்? சின்ஸ் வென்?" என்று கேட்டாள். அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அன்று மோதவிருந்த கிளப் இரண்டையும் பற்றிச் சொல்லவேண்டும். வால்மோரா என்பது மலையடிவாரத்தில் ஓட்டுத் தொழிற்சாலைகள் உள்ள ஒரு சின்னப் பட்டணம். அந்தப் பட்டணத்துக் கிளப் பச்சைச் சட்டைக் கிளப். பல தலைமுறைக்குப் பிறகு இப்போதுதான் இத்தாலியின் முதற்பிரிவுக்கு ஏறி, ஏறிய வேகத்திலேயே இறங்கும் நிலைக்கு வந்திருந்தது. எதிர்க் கிளப்பின் பெயரை நான் எழுதத் தேவையில்லை, பேசாலைக் கடற்கரையில் ஓடித்திரியும் பொடியன்களின் முதுகிலேயே அது இருக்கும். பெரிய நகரம், சிவப்புச் சட்டை, கோப்பைகள் வைக்க அலுமாரி போதாத கிளப். அங்கே விளையாடாமல் ஓரத்து வாங்கில் சும்மா இருக்கிறவர்களின் பெயர்கூட உலகத்துக்குத் தெரியும். வால்மோராவின் கோல் காப்பாளரை அவருடைய தெருக்காரரே நேரில் கண்டாலும் மட்டுக்கட்ட மாட்டார்கள் என்று மேர்வின் சொன்னார். அந்தக் கடைசி ஆட்டத்தில் வால்மோரா தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும், சமநிலை என்றாலும் தப்பிவிடும். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவர்களைவிட அதிகப் பயம். தங்கள் கிளப் இறங்கிய மாதத்தில் யாராவது கலியாணம் பேசுவார்களா?

அப்போதுதான் உங்களுக்குப் போன் எடுத்தேன். நினைவிருக்கிறதா? "ஆட்டம் ஒண்டும் தெரியாதே, என்ன செய்ய?" என்று கேட்டேன். நீங்கள் மீன் வலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பேசினீர்கள், பின்னால் நாய் குரைத்தது. "இதென்ன பெரிய வேலையே மச்சான்? நீர் பூசைக்குப் போறனீர்தானே. தெரியாத பாஷையிலை பூசை நடந்தா என்ன செய்வீர்? விசயம் தெரிஞ்ச ஒராளைப் பாத்துப் பிடியும். அவர் எழும்பினா எழும்பும், இருந்தா இரும். வாயைத் திறக்காதையும்" என்று சொன்னீர்கள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன் மச்சான். அதுதான் என் பிழை. பாதி உங்கள் பிழை.

அஞ்சலீனாவுக்கு முழங்காலில் வீக்கம் என்பதால் அவள் வரவில்லை. அவள் இங்கே கோவிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, பச்சைச் சட்டைக்காரர் தப்பினால் கோவில் சனம் முழுவதற்கும் சோறு கொடுப்பதாக நேர்த்தி வைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு பை நிறைய மீன் ரோல்ஸும் ஒரு பிளாஸ்க் தேநீரும் கட்டித் தந்தாள். சனிக்கிழமை நான், மேர்வின், றூபினி மூன்று பேரும் வால்மோராவுக்குப் போய்ச் சேர்ந்து, றூபினியின் தமையன் வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலை வால்மோராக் கோவிலில் பூசை. முழுவதும் இத்தாலிய மொழி. எனக்கு ஆமென் மட்டும் விளங்கியது. ஆனால் எனக்கு முன்வாங்கில் ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளைத் தலை, சாம்பல் நிறக் கோட், கையில் செபமாலை, நம் ஊர்க் கோவில் மூப்பர் போல அப்படி ஒரு பக்தி. அவர் எழும்ப எழும்பினேன், முழந்தாளிட முழந்தாளிட்டேன், இருக்க இருந்தேன். ஓரிடத்திலும் பிழைக்கவில்லை. வெளியே வந்ததும் றூபினியின் தமையன், "அண்ணைக்கு இத்தாலியன் தெரியுமோ?" என்று கேட்டார் என்றால் பாருங்கள். உங்கள் முறையின் மேல் எனக்கு அசையாத நம்பிக்கை வந்துவிட்டது.

பின்னேரம் விளையாட்டரங்கு வாசலில் முதல் சனியன் பிடித்தது. அந்த நாட்டில் ரிக்கெற்றில் ஆளின் பெயர் இருக்கவேண்டும், அது பாஸ்போட்டோடு ஒத்துப்போகவேண்டும். என் பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கும் என் பெயர் பின்னுக்கும் இருப்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் நின்ற பெண்பிள்ளை ரிக்கெற்றைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, "செபஸ்தியாம்பிள்ளை?" என்று என்னைக் கேட்டது. நான் உண்மை பேசுகிறவன். "நோ, நோ. தட் இஸ் மை பாதர். ஹி இஸ் டெட்" என்றேன். அந்தப் பிள்ளை ரிக்கெற்றைத் திரும்பவும் பார்த்தது, என்னைப் பார்த்தது, வாசலை மூடியது. செத்த ஒருவரின் ரிக்கெற்றில் மகன் உள்ளே போகப் பார்க்கிறான் என்று தடித்த ஒருவரைக் கூப்பிட்டது. அவர் வந்து என் அப்பா எப்போது செத்தார், எங்கே அடக்கம் என்று விசாரித்தார். இளவாலைச் சவக்காலை என்று சொன்னேன். பின்னால் நின்ற சனம் பொறுமையிழந்து கத்தியது. மேர்வின் இரண்டு கையாலும் இத்தாலிய மொழி பேசி, எங்கள் ஆட்கள் தகப்பன் பெயரைக் கூடவே கொண்டுதிரிகிறவர்கள் என்று விளங்கப்படுத்தினார். கடைசியில் தடித்தவர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை அடையாளம் போட்டார், வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேரும் போட்டார்கள், அப்பாவின் ஆன்மாவுக்கு ஒரு சின்னச் செபம் நடந்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். பிளாஸ்கை மட்டும் பறித்து வைத்துக்கொண்டார்கள். ரோல்ஸை மணந்து பார்த்துவிட்டுத் தந்தார்கள், ஒன்று குறைந்திருந்தது.

உள்ளே போனால், மச்சான், நான் நினைத்ததைவிடச் சின்ன அரங்கு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தொழிற்சாலைப் புகைக்கூடு, நடுவில் புல். எங்கள் பக்கம் முழுவதும் பச்சை. தூரத்து மூலையில் கம்பிவலைக்குப் பின்னால் சிவப்புக்காரர் ஒரு கூட்டம், அவர்கள் பாடுவதே எங்கள் எல்லாரையும்விட உரத்துக் கேட்டது. எனக்கு வலப்பக்கம் மேர்வின், அவருக்கு அங்காலே றூபினி. என் இருக்கையில் இருந்து நிமிர்ந்து பார்க்கிறேன், எனக்கு நேர் முன்னால் அதே வெள்ளைத் தலை, அதே சாம்பல் கோட், அதே செபமாலை! காலையில் கோவிலில் வழிகாட்டியவரை அந்தோனியாரே எனக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கழுத்தில் பச்சைத் துண்டு இல்லை என்பதைக் கவனித்தேன்தான். உண்மையான பக்திக்கு வேஷம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

முதற்பாதி திறமாகப் போனது. கிழவர் பெரும்பாலும் அசையவில்லை, நானும் அசையவில்லை. நடுவரைப் பார்த்து எல்லாரும் கத்தும்போது அவர் கையை விரித்தார், நானும் விரித்தேன். ஒருமுறை பச்சைக்காரரின் கோல் கம்பத்தில் பந்து பட்டுத் திரும்ப, சனமெல்லாம் அப்பாடா என்று மூச்சு விட்டது. கிழவர் தலையில் கை வைத்தார். நானும் வைத்தேன். மேர்வின் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இடைவேளையில் ரோல்ஸ் கொடுத்தேன். கிழவருக்கும் ஒன்று நீட்டினேன், அவர் வாங்கிச் சாப்பிட்டு என் தோளில் தட்டினார்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்படியே முடிந்தால் வால்மோரா தப்பிவிடும். சனம் நகம் கடித்துக்கொண்டிருந்தது. மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது, கோலுக்கு முன்னால் ஒரே இழுபறி, யார் யாரென்று எனக்குத் தெரியவில்லை, நான் பந்தைப் பார்க்கவும் இல்லை, கிழவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவர் துள்ளி எழும்பினார். செபமாலையை வானத்துக்குத் தூக்கினார். நானும் துள்ளி எழும்பினேன். இரண்டு கையையும் தூக்கி, "கோ...ல்! அந்தோனியாரே நன்றி!" என்று கத்தினேன். கிழவர் திரும்பி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். நானும் கொஞ்சினேன். அப்போதுதான் என் குரல் எனக்கே தனியாகக் கேட்கிறது என்பதைக் கவனித்தேன். மச்சான், அந்தப் பக்கத்தில் எழும்பி நின்றது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். மற்ற எல்லாரும் செத்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள். தூரத்து மூலையில் சிவப்புக்காரர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அரங்கின் பெரிய திரையில் ஒரு மண்ணிறக் கையும் ஒரு வெள்ளைத் தலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. அந்தக் கையில் என் கலியாண மோதிரம் இருந்தது.

யாரும் எனக்கு அடிக்கவில்லை. அடித்திருந்தால் நல்லது. பின்வரிசையில் ஒரு பெண் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மேர்வின் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோலை அடித்த சிவப்புச் சட்டைப் பிள்ளை அந்தக் கிழவரின் பேரன். கிழவர் வால்மோராவில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அங்கேதான் இருக்கை. பேரன் கோல் அடித்தால் எந்தத் தாத்தா எழும்பமாட்டார்? அவருக்கு நியாயம் இருந்தது. எனக்கு என்ன நியாயம் இருந்தது?

இருக்கையில் விழுந்தேன். இனி என்ன நடந்தாலும் எழும்புவதில்லை என்று முடிவெடுத்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, பெனிற்றாவை நினைத்து, அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். எத்தனை சொன்னேனோ தெரியாது. திடீரென்று பூமி அதிர்ந்தது. சனம் கத்துகிறது, இருக்கைகள் உடைகின்றன, யாரோ என் முதுகில் விழுகிறார்கள். விரல் இடுக்கால் பார்த்தேன். கிழவர் இருந்தபடி முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நானும் இன்னும் இறுக்கி மூடினேன். அது கடைசி நிமிடத்தில் வால்மோரா அடித்த சமநிலைக் கோல், மச்சான்! கிளப் தப்பிவிட்டது! மேர்வின் என்னைக் கட்டிப்பிடிக்கத் திரும்பியிருக்கிறார், நான் ஒப்பாரி வைக்கிறவன்போல் முகத்தை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறேன். எழும்பக்கூடாத கோலுக்கு எழும்பி, எழும்பவேண்டிய கோலுக்கு இருந்துவிட்டேன். இதைவிட முழுதாக ஒரு மனிதன் பிழைவிட ஏலுமோ?

திரும்பி வரும்போது மேர்வின் வழி முழுவதும் பேசவில்லை. பிளேனில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நித்திரை இல்லை, இமை துடித்தது. றூபினி வழக்கம்போல் பேசவில்லை. லண்டன் வந்து பிரியும்போது மேர்வின், "உங்களோடை ஒரு கதை இருக்கண்ணை. பேந்து கதைப்பம்" என்றார். அன்றைக்கிலிருந்து போன் இல்லை. அஞ்சலீனாவிடம் சமநிலை என்று மட்டும் சொன்னேன், அவள் கோவில் சனத்துக்குச் சோறு காய்ச்சப் பெரிய கிடாரம் விசாரித்துக்கொண்டு திரிகிறாள். பெனிற்றாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அவள் வேலையால் வந்து, "அப்பா, மிதுலன்ட அப்பா இஸ் பீயிங் வியர்ட். டிட் சம்திங் ஹாப்பின்?" என்று கேட்டாள். இல்லை பிள்ளை என்றேன். இன்று காலை அவள் குசினியில் தேநீர் போட்டாள். பாடவில்லை.

ஆகையால் உங்களிடம் கேட்கும் உதவி இது. மேர்வினுக்கு உங்கள் மேல் சரியான மரியாதை, உங்கள் சொல்லைத் தட்டமாட்டார். நீங்கள் அவருக்குப் போன் எடுத்து, எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண்வருத்தம் இருக்கிறது, அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறவன், அதனால்தான் முதற்கோலுக்கு எழும்பினேன் என்று சொல்லவேண்டும். இரண்டாவது கோலுக்கு ஏன் எழும்பவில்லை என்று கேட்டால், முழங்கால் பிடித்துவிட்டது என்று சொல்லுங்கள். உங்கள் முழங்கால் நோவை எனக்கு இரவல் தாருங்கள். முகத்தை ஏன் மூடினேன் என்று கேட்டால், கண்வருத்தமும் முழங்கால் வருத்தமும் சேர்ந்து வந்தால் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளியுங்கள். கவுன்சிலில் சிவப்பு, பச்சைப் பத்திரங்களை எப்படிப் பிரித்தேன் என்று கேட்கமாட்டார், கேட்டால் லைன் போய்விட்டது என்று சொல்லிப் போனை வையுங்கள்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வலையில் மீன் குறையாதிருக்கவும், கடலில் ஆண்டவர் உங்களோடு கூட இருக்கவும் வேண்டுகிறேன். எங்களுக்காகவும், குறிப்பாக அந்த ஹவுன்ஸ்லோ வீட்டுக்காகவும், ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.

என்றும் உங்கள் அன்பு மச்சான்,
செ. அலோசியஸ்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதிய ஒன்றையும் செய்யாதீர்கள்! மேர்வினுக்குப் போன் எடுக்காதீர்கள்! என் கண்ணைப் பற்றி மூச்சு விடாதீர்கள்! அருமைநாயகி அக்கா சூட்கேசோடு வாசலில் நிற்கிறார், திரும்ப எழுத நேரமில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். நான் உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது பெல் அடித்தது. மேர்வினும் றூபினியும், கையில் கேக் பெட்டி. றூபினி உள்ளே போக, மேர்வின் என்னைப் பின்வளவில் குப்பைத் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "அண்ணை, நான் இத்தாலிக்கு வந்து முதல் இருந்தது அந்தப் பெரிய நகரத்திலை. சிவப்புச் சட்டைதான் என்ரை உயிர். பேந்து வால்மோராவிலை றூபினியைக் கேட்டுப் போனன். அவவின்ரை தமையன் கிளப்பிலை புல்லு வெட்டினவர், அவ பிளேயர்மாரின்ரை சட்டை தோய்ச்சவ. எந்தக் கிளப் எண்டு கேட்டினம். பொம்பிளை தராமல் விட்டிடுவினம் எண்டு பயந்து, உங்கடை கிளப்தான் எண்டு சொல்லிப்போட்டன். முப்பது வருசமா அந்தப் பச்சைத் துண்டோடை திரியிறன். நீங்கள் எங்கடை மேசையிலை அதையே சொல்லேக்கை, நீங்களும் என்னைப்போலைதான் எண்டு எனக்கு விளங்கியிட்டுது. அண்டைக்கு அந்தக் கோல் விழ என்ரை காலும் எழும்பினது அண்ணை, கையாலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். நீங்கள் எழும்பியிட்டியள்! அவ்வளவு சனத்துக்கு நடுவிலை! அந்தத் துணிவு எனக்கு ஒருநாளும் வரேல்லை. வெக்கத்திலைதான் போன் எடுக்கேல்லை." அவர் கண் கலங்கிவிட்டது. "ஓம், உண்மையை எவ்வளவு நாளைக்கு அமத்துறது" என்றேன்.

உள்ளே வந்தால் றூபினி அஞ்சலீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆயுளில் பேசாத பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கத்தாரின் பந்து தங்கள் கோலுக்குக் கிட்ட வந்தால் அவர் சேலைத் தலைப்பால் முகத்தையும் காதையும் மூடிவிடுவாராம், அதனால் நான் எழும்பியதை அவர் காணவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவர் கண்டது கடைசி நிமிடத்தில் நான் முகத்தை மூடிச் செபித்தது மட்டும். "எல்லாரும் துள்ளேக்கை அண்ணை ஒராள் மட்டும் செபத்தை விடேல்லை. அவற்றை மன்றாட்டாலைதான் எங்கடை கிளப் தப்பினது. அந்த வீட்டுப் பிள்ளைதான் எங்களுக்கு வேணும்" என்கிறார். வாற ஞாயிறு சுவாமியிடம் போகிறோம். கண்வருத்தக் கதையை அஞ்சலீனாவிடம் சொன்னபோது, அது பரம்பரையாக வரும் வருத்தம், வெளியே வந்தால் கலியாணம் குழம்பும் என்று என்னை அடிக்காத குறை. பெனிற்றா இப்போது குசினியில் கேக் வெட்டுகிறாள், பாடிக்கொண்டே வெட்டுகிறாள்.

ஆனால் ஒன்று. வால்மோரா தப்பியதால் அடுத்த வருடமும் அந்தப் பெரிய கிளப்போடு மோதுகிறது. மேர்வின் இப்போதே மூன்று இருக்கைக்குச் சொல்லி வைத்துவிட்டார். இந்த முறை நான் நடுவில், ஒரு பக்கம் அவர், மறுபக்கம் றூபினி. அந்தப் பூசைக்கு எந்தக் கோலுக்கு எழும்புவது, எந்தக் கோலுக்கு இருப்பது என்று தயவுசெய்து யோசித்து உடனே எழுதவும்.